மூன்று ஜோடியில் ஒன்றுகூடத் தேறவில்லை

நண்பரின் வீட்டு வரவேற்பறைச் சுவரில் மூன்று ரைபிள்களும் மூன்று வாள்களும் ஜோடி ஜோடியாகத் தொங்கின. எல்லாமே ரஷ்ய ராணுவத்தில் இருந்தவை. மேலே படுக்கைவாட்டில் ரைபிள், அதன் கீழே அதே சாய்வில் வாள். மாலை வெயில் பித்தளைப் பூண்களில் படும்போது பார்க்க அழகாகத்தான் இருந்தது. அவர் வட அமெரிக்காவில் வசிக்கிறார். இருபது ஆண்டுகளாகச் சிறுகச் சிறுக வாங்கிச் சேர்த்தவை. ஒவ்வொரு ஜோடிக்கும் கீழே ஓர் அட்டை எழுதி ஒட்ட நினைத்தார். “ஜோடி சரிதானா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள், பிறகு அச்சுக்குக் கொடுத்துவிடலாம்” என்றார்.

அலங்காரத்துக்கு மாட்டினால் எதையும் எதோடும் மாட்டலாம், கேட்க ஆளில்லை. அட்டை எழுதினால் கதை வேறு. ‘இந்த ரைபிளும் இந்த வாளும் ஒன்றாகப் போருக்குப் போனவை’ என்று எழுத்தில் சொல்லிவிட்டால், அதற்கு ஆதாரம் காட்ட வேண்டும். ஒரே நாடு, ஏறக்குறைய ஒரே காலம் என்பது ஆதாரம் ஆகாது. ரைபிளும் வாளும் ஜோடியாக இருக்க வேண்டுமானால், இரண்டையும் ஒரே ஆள் சுமந்திருக்க வேண்டும். முதுகில் ஒன்று, இடுப்பில் ஒன்று. அந்த ஆள் யார் என்பதுதான் எங்கள் கேள்வி. இரண்டு நாள் உட்கார்ந்தோம்.

சுவரில் இருந்தது இது. முதல் ஜோடி: 1891ஆம் ஆண்டு மாதிரி மோசின் ரைபிள், அதன் கீழே 1881 மாதிரி டிராகூன் ஷாஷ்கா (டிராகூன் என்றால், தேவைப்பட்டால் இறங்கிக் காலாளாகவும் சண்டையிடும் குதிரைப்படைக்காரன்), வாளுறையின் வெளிப்புறத்தில் ரைபிளுக்கான பயனெட், அதாவது துப்பாக்கி முனையில் மாட்டும் குத்துமுள், செருகப்பட்டிருந்தது. இரண்டாவது: 1891/30 மாதிரி, அதாவது 1930இல் திருத்திய மோசின், அதனுடன் அதிகாரியின் ஷாஷ்கா. மூன்றாவது: மோசினுக்கு முந்தைய பெர்டான் ரைபிள், அதனுடன் கைக்காப்பு இல்லாத கொசாக் பாணி ஷாஷ்கா.

ஷாஷ்கா என்பதைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிட வேண்டும். காகசஸ் மலைநாட்டுச் செர்கேசியர்களின் வாள் அது. அவர்கள் மொழியில் ‘பெரிய கத்தி’ என்று பொருள்படும் சொல்லிலிருந்து பெயர் வந்தது. லேசான வளைவு, கையைக் காக்கும் வளையம் இல்லாத கைப்பிடி, வெட்டும் வாயைக் கீழே பார்க்கத் தொங்கவிடாமல் மேலே பார்க்கத் தொங்கவிடும் வழக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்த மலைமக்களோடு பல பத்தாண்டுகள் போரிட்ட ரஷ்யர்கள், அவர்களைத் தோற்கடித்ததோடு நிற்காமல் அவர்களுடைய வாளையும் எடுத்துக்கொண்டார்கள். முதலில் கொசாக்குகள், அதாவது ஜாருக்குக் குதிரைப்படைப் பணி செய்த எல்லைப்புறச் சமூகத்தார், பிறகு டிராகூன்கள், 1881இல் கிட்டத்தட்ட குதிரைப்படை முழுவதும்.

முதலில் செய்த வேலை எதையும் துடைக்காமல் இருப்பது. சுவரில் இருந்த நிலையிலேயே படம் எடுத்தோம். மூன்று ரைபிள்களிலும் குண்டு இல்லை என்பதை இருவரும் தனித்தனியாகப் பார்த்து உறுதிசெய்தோம். நூறாண்டு பழைய துப்பாக்கிதானே என்ற அலட்சியம் இங்கே கூடாது. மோசின் இன்றும் சுடும். பிறகு ஒவ்வொன்றையும் இறக்கி, மேசையில் பழைய கம்பளி விரித்து, குழலின் அடிப்பகுதி, போல்ட் (குழலின் பின்வாயை அடைக்கும் உருளை), குண்டறையின் அடித்தகடு, அடிக்கட்டையின் இரும்புத் தகடு ஆகிய நான்கு இடங்களிலும் எண்களைப் பார்த்தோம். மங்கிய முத்திரைகள் மேல் மெல்லிய தாளை வைத்து, மிருதுவான பென்சிலால் சாய்வாகத் தேய்த்தோம். பள்ளியில் நாணயத்தைத் தாளுக்கடியில் வைத்துத் தேய்ப்போமே, அதேதான். கண்ணுக்குத் தெரியாத எழுத்து தாளில் ஏறிவிடும்.

இங்கே ஒரு வருத்தம். செர்கேசிய வாளில் இல்லாத, ரஷ்யர்கள் டிராகூன் ஷாஷ்காவில் சேர்த்த பித்தளைக் கைக்காப்பை நண்பர் குத்துவிளக்கு துலக்குவதுபோல் ஆண்டுதோறும் பளபளவென்று துலக்கியிருக்கிறார். ரஷ்ய ராணுவத்தில் சிப்பாயின் வாளில் படைப்பிரிவு முத்திரை குத்துவது அந்தப் பித்தளையில்தான். பென்சிலால் தேய்த்தபோது ‘3’ என்ற எண்ணும், ரெஜிமெண்டின் உட்பிரிவான ஸ்குவாட்ரனைக் குறிக்கும் ‘எ’ என்ற ரஷ்ய எழுத்தும், ‘41’ என்பதுபோல் ஒன்றும் தாளில் ஏறின. மூன்றாவது ஸ்குவாட்ரன், நாற்பத்தொன்றாம் வாள். எந்த ரெஜிமெண்ட் என்று சொல்லும் எழுத்துகள் இருந்திருக்க வேண்டிய இடம் கண்ணாடி மாதிரி வழுவழுப்பாக இருந்தது. இருபது ஆண்டுத் துலக்கலில் ஒரு ரெஜிமெண்டே கரைந்துபோய்விட்டது. அவர் ஒன்றும் பேசவில்லை. பாலிஷ் டப்பாவை எடுத்துக்கொண்டுபோய் சமையலறை அலமாரியில் வைத்துவிட்டு வந்தார்.

முதல் ஜோடி

மோசினின் குழலில் பிரெஞ்சுத் தொழிற்சாலையான ஷாதெல்ரோவின் பெயர், 1893 என்ற ஆண்டு. இதில் வியப்பில்லை. 1891இல் புதிய ரைபிளை ஏற்றுக்கொண்டபோது ரஷ்யாவின் மூன்று தொழிற்சாலைகளும், அதாவது துலா, இஷெவ்ஸ்க், செஸ்ட்ரோரெத்ஸ்க், அதைச் செய்வதற்கான இயந்திரங்களை இனிமேல்தான் நிறுவவேண்டியிருந்தது. அதனால் ஐந்து லட்சம் ரைபிள்களை ஷாதெல்ரோவில் செய்யச் சொன்னார்கள். அவை காலாட்படை மாதிரி. குழல் மட்டும் 80 செ.மீ., மொத்த நீளம் ஏறக்குறைய 130 செ.மீ., பயனெட்டோடு 173 செ.மீ. பக்கத்தில் நிறுத்தினால் எனக்கும் அதற்கும் உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை.

பெயரைப் பற்றி ஒரு செய்தி. நாம் மோசின் என்கிறோம், மேற்கில் மோசின்-நாகான் என்கிறார்கள். ஜார் மன்னர் ஒப்புதல் அளித்த பெயரில் இருவருமே இல்லை. ‘1891 மாதிரி மூன்று லைன் ரைபிள்’, அவ்வளவுதான். லைன் என்பது அங்குலத்தில் பத்தில் ஒரு பங்கு. மூன்று லைன் 7.62 மி.மீ. வடிவமைத்த கேப்டன் மோசினுக்குப் பரிசு 30,000 ரூபிள், சில உறுப்புகளுக்கு யோசனை தந்த பெல்ஜியத்துக்காரர் நாகானுக்கு 2,00,000 ரூபிள். சொந்த ஊர்க்காரனுக்குக் கிடைக்கும் மரியாதை எங்கும் இப்படித்தான் போலும்.

விஷயத்துக்கு வருகிறேன். 1893இல் இந்த நீளமான ரைபிளைச் சுமந்தவன் காலாட்படைச் சிப்பாய். அவனிடம் வாள் கிடையாது. அவனுடைய பயனெட்டுக்கு உறைகூடக் கிடையாது. ரைபிளின் முனையில் எப்போதும் மாட்டியபடியே இருந்தது. அணிவகுப்பிலும் அப்படித்தான், காவலிலும் அப்படித்தான், சுடும்போதும் அப்படித்தான். தொழிற்சாலையில் குறிபார்த்துச் சரிசெய்வதே பயனெட்டை மாட்டிவைத்துத்தான். கழற்றிவிட்டுச் சுட்டால் குண்டு வேறு இடத்தில் போய் விழும். ஆகவே காலாட்படை மோசினுக்கு ஜோடி வாள் அல்ல, அதன் முனையிலேயே இருக்கும் அந்த நாற்பட்டை இரும்பு முள்தான்.

குதிரைப்படைக்காரன் நிலை வேறு. நீட்டிக்கொண்டிருக்கும் பயனெட்டோடு குதிரையில் ஏறினால் தனக்கும் ஆபத்து, குதிரைக்கும் ஆபத்து. அதனால் டிராகூன் தன் பயனெட்டைக் கழற்றி வைத்துக்கொள்ள ஓர் இடம் வேண்டும். அந்த இடத்தை வாளுறையிலேயே செய்து கொடுத்தார்கள். தோல் போர்த்திய மர உறை. அதன் பித்தளைப் பூண்களில் வெளிப்புறமாகச் சிறு தாங்கிகள். பயனெட்டின் நீண்ட முள் அவற்றின் வழியாகக் கீழே இறங்கும். ரைபிளின் முனையில் மாட்டும் குழாய்ப் பகுதி மேலே நிற்கும். குதிரையிலிருந்து இறங்கிக் காலாளாகச் சண்டையிட வேண்டிய நேரத்தில் உருவி மாட்டிக்கொள்ளலாம். உலகில் வாளும் ரைபிளும் ஒன்றுக்கொன்று உறவுகொண்ட இடம் என்று கேட்டால் நான் முதலில் காட்டுவது இந்தத் தாங்கிகளைத்தான். வாளுறை, தன் ஜோடி எந்தத் துப்பாக்கி என்பதைத் தன் உடம்பிலேயே சுமந்துகொண்டிருக்கிறது.

நண்பருக்கும் இது தெரியும். தாங்கியில் மோசின் பயனெட் இருக்கிறது, மேலே மோசின் ரைபிள் இருக்கிறது, வேறென்ன வேண்டும் என்பது அவர் கணக்கு. பயனெட்டை உருவினேன். வந்ததோடு ஒரு தோல் துண்டும் வந்தது. ஆடாமல் இருக்க யாரோ வைத்துச் சுற்றியிருக்கிறார்கள். தோல் புதியது, பையிலிருந்தோ செருப்பிலிருந்தோ வெட்டியது. பயனெட்டின் குழாயில் தொடர் எண் இருந்தது. ரைபிளின் எண்ணோடு ஒப்பிட்டோம். ஒன்றேதான், ஐந்து இலக்கமும்.

நண்பர் முகத்தில் ஒரு கணம் வெற்றி. எனக்கோ அப்போதுதான் அந்த ஜோடி உடைந்தது. தொழிற்சாலையில் ஒவ்வொரு பயனெட்டையும் அதனதன் ரைபிளுக்குப் பொருத்தி, அதே எண்ணைக் குத்தினார்கள். இந்தப் பயனெட் காலாட்படை ரைபிளுக்குப் பிறந்தது. உறைக்குள் போயிருக்கவே கூடாதது. வாளை விற்றவரோ அவருக்கு முந்தியவரோ வெறுமையாக இருந்த தாங்கியை நிரப்ப இதைச் செருகியிருக்கிறார். நூற்றுமுப்பது ஆண்டு பிரியாமல் வந்த ரைபிளையும் பயனெட்டையும் பிரித்துத்தான் ஒரு பொய் ஜோடி உருவாக்கப்பட்டிருக்கிறது. எண் பொருந்திய பயனெட்டோடு ஷாதெல்ரோ மோசின் கிடைப்பது அரிது. அந்த அருமை உறைக்குள் ஒளிந்து கிடந்தது.

வாளின் அலகைப் பார்த்தோம். கைப்பிடியை ஒட்டிய இடத்தில் ஸ்லாத்தவுஸ்த் ஆயுதத் தொழிற்சாலை, 1887. மோசின் வருவதற்கு நான்கு ஆண்டு முன்பு. அப்படியானால் இந்த உறையில் முதலில் இருந்தது மோசின் பயனெட்டே அல்ல; அப்போது டிராகூன்களிடம் இருந்தது பெர்டான். 1891க்குப் பிறகும் பழைய வாள்கள் படையில் தொடர்ந்தன, ஆகவே பின்னால் மோசினோடும் இருந்திருக்கலாம். ஆனால் டிராகூன் மோசினோடு. அது காலாட்படை ரைபிளைவிட 7 செ.மீ. குட்டை.

கோர்லோவ்

இந்த இடத்தில் ஓர் ஆளைப் பற்றிச் சொல்லாமல் நகர முடியாது. அலெக்சாந்தர் கோர்லோவ் என்ற பீரங்கிப்படை அதிகாரி. 1860களின் நடுவில், காகிதத் தோட்டா போய் உலோகத் தோட்டா வந்துகொண்டிருந்த காலத்தில், புதிய துப்பாக்கி தேடி ரஷ்யா அவரையும் கேப்டன் கூனியஸையும் அமெரிக்காவுக்கு அனுப்பியது. உள்நாட்டுப் போரில் குறிசுடும் படை நடத்திப் பெயர்பெற்ற ஹைரம் பெர்டானின் ரைபிளைத் தேர்ந்தெடுத்து, இருவரும் அதில் ஏகப்பட்ட திருத்தங்கள் செய்தார்கள். ஹார்ட்ஃபர்டில் கோல்ட் தொழிற்சாலையில் 30,000 ரைபிள்கள் தயாராயின. அமெரிக்கர்கள் அதை ‘ரஷ்ய ரைபிள்’ என்றார்கள், ரஷ்யர்கள் ‘அமெரிக்க ரைபிள்’ என்றார்கள். 1870இல் போல்ட் வைத்த இரண்டாவது பெர்டான் வந்தது, 4.2 லைன், அதாவது 10.67 மி.மீ. முதலில் இங்கிலாந்தின் பர்மிங்காமிலும் பிறகு ரஷ்யாவிலும் செய்யப்பட்டது.

அதே கோர்லோவ்தான் 1881இன் வாள்களையும் வடிவமைத்தார். டிராகூன், கொசாக், பீரங்கிப்படை, அதிகாரி, சிப்பாய் என்று ஆளுக்கொரு அலகு இருந்த குழப்பத்தை ஒழித்து, வெட்டவும் குத்தவும் உதவும் ஒரே குடும்ப வாள்களைக் கொண்டுவருவது நோக்கம். அடுத்த ஆண்டே ஹுஸ்ஸார், உஹ்லான் என்று பழம்பெருமை பேசிக்கொண்டிருந்த சாதாரணக் குதிரைப்படை ரெஜிமெண்டுகள் அனைத்தையும் டிராகூன் ஆக்கிவிட்டார்கள். அந்தப் பெயர்கள் திரும்பி வர 1907 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. வண்ணச் சட்டை போய்விட்டதே என்று அதிகாரிகள் புலம்பியது ஒருபுறம் இருக்கட்டும். சேகரிப்பாளருக்கு இதில் ஒரு வசதி இருக்கிறது: 1880களின் ரஷ்யக் குதிரைப்படைச் சிப்பாய் என்றால், மன்னரின் காவல் ரெஜிமெண்டுகளையும் கொசாக்குகளையும் விட்டுவிட்டால், ஏறக்குறைய எல்லோரிடமும் ஒரே வாள், ஒரே துப்பாக்கி. 1887 அலகுக்கு உண்மையான ஜோடி டிராகூன் பெர்டான். ரைபிளிலும் ஒரே மனிதரின் கை, வாளிலும் அதே கை. அப்படியொரு ஜோடியைச் சுவரில் மாட்டினால் அட்டைக்கு எழுத நிறைய இருக்கும்.

நண்பரிடம் பெர்டான் இருந்தது. ஆனால் டிராகூன் பெர்டான் இல்லை.

மூன்றாவது ஜோடி

வரிசையை மாற்றி மூன்றாவதை முதலில் சொல்கிறேன், ஏனென்றால் அது சீக்கிரம் முடிந்துவிட்டது.

அந்தப் பெர்டானில் விசையைச் சுற்றிக் காப்பு வளையமே இல்லை. விசையும் வழக்கமான வளைந்த நாக்கு அல்ல. மரத்துக்கு அடியில் தொங்கும் சிறிய உருண்டைக் குமிழ். இதைப் பார்த்ததும் வேறெதையும் பார்க்க வேண்டாம், கொசாக் மாதிரி. காகசஸின் பழைய சக்கிமுக்கித் துப்பாக்கிகளில் இருந்த குமிழ் விசையை அப்படியே வைத்திருக்கிறார்கள். பயனெட்டும் இதற்குக் கிடையாது. ஆகவே ஜோடி வாளின் உறையிலும் தாங்கி தேவையில்லை. கைக்காப்பு இல்லாத கொசாக் ஷாஷ்காதான் பொருத்தம். நண்பர் மாட்டியிருந்ததும் அப்படியொரு வாள்தான், உறையிலும் தாங்கி இல்லை. இதுவரை சரி.

வாளைத் திருப்பிக் கைப்பிடியின் தலையைப் பார்த்தேன். பித்தளையில் ஐந்துமுனை நட்சத்திரம், நடுவில் அரிவாள் சுத்தியல்.

1927 மாதிரி, சோவியத் செம்படையின் ஷாஷ்கா. பழைய கொசாக் வாளை அவர்கள் அப்படியே எடுத்துக்கொண்டு தலையில் மட்டும் தங்கள் சின்னத்தை வார்த்தார்கள். தூரத்திலிருந்து பார்த்தால் 1881க்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. அலகில் ஆண்டு 1940. ஜாருக்குச் சத்தியம் செய்து சேர்ந்த கொசாக்கின் ஒற்றைக் குண்டுத் துப்பாக்கிக்கு, ஸ்டாலின் காலத்து வாள் துணை. சிரிக்காமல் இருக்க முடியவில்லை. நண்பரும் சிரித்தார், கொஞ்சம் தாமதமாக.

இதில் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கொசாக் ஆயுதங்களில் ஆண்டை வைத்து ஜோடி சேர்ப்பதே சிக்கல். கொசாக் பணிக்கு வரும்போது குதிரை, உடுப்பு, வாள் எல்லாம் அவன் பொறுப்பு. துப்பாக்கி மட்டும் அரசுக் கிடங்கிலிருந்து வரும். தாத்தாவின் வாளை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தாலும் ஏற்றுக்கொண்டார்கள். ஆகவே 1870களின் பெர்டானோடு 1840களின் வாள் இருந்தால் அது தவறு அல்ல, மிகவும் இயல்பு. வாள் துப்பாக்கியைவிட எவ்வளவு பழையதாகவும் இருக்கலாம். அறுபது ஆண்டு இளையதாக மட்டும் இருக்க முடியாது.

1940இன் அந்த வாளுக்கு எது ஜோடி? உறையில் தாங்கி உள்ள 1927 ஷாஷ்காக்களும் உண்டு, இல்லாதவையும் உண்டு. தாங்கி இல்லாததற்கு நான் சொன்ன பதில் 1938 மாதிரி கார்பைன், அதாவது குட்டை ரைபிள். ஒரு மீட்டருக்குச் சற்றே கூடுதல் நீளம், பயனெட் மாட்டவே வழியில்லாத ரைபிள்; குதிரைப்படைக்கும் பீரங்கிப்படைக்கும் கொடுத்தது. பயனெட் இல்லாத உறைக்குப் பயனெட் இல்லாத துப்பாக்கி. அது நண்பரிடம் இல்லை, ஆனால் தேடினால் கிடைக்கக்கூடியது.

அதிகாரியின் வாள்

இரண்டாவது ஜோடியில் இருந்த அதிகாரி ஷாஷ்காவைப் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. 1909க்குப் பிந்தைய அலங்கார மாதிரி. கைப்பிடியில் மன்னரின் பெயரெழுத்து. விற்றவர் அது ஆங்கில ‘எச்’ என்றும் ஹுஸ்ஸார் படையைக் குறிப்பது என்றும் சொல்லியிருக்கிறார். ரஷ்ய மொழியில் அந்த எழுத்துக்கு ஒலி ‘ந’. பக்கத்தில் இருக்கும் இரண்டு கோடுகளோடு சேர்த்தால் இரண்டாம் நிக்கோலாஸ். 1917 பிப்ரவரிக்குப் பின் பல அதிகாரிகள் இந்த எழுத்தை அரத்தால் தேய்த்து எடுத்துவிட்டார்கள், இதில் தப்பியிருக்கிறது.

விற்றவர் இன்னொன்றும் சொன்னாராம்: அலகு புலாத் எஃகு. ஸ்லாத்தவுஸ்த் என்றதும் புலாத் என்று சொல்லிவிடுவது வியாபாரிகளின் பழக்கம். அதற்கு ஒரு வேர் இருக்கிறது. உரால் மலையில் 1815இல் ஜெர்மானியக் கொல்லர்களை வரவழைத்துத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலையில், பாவெல் அனோசவ் என்ற சுரங்கப் பொறியாளர் பல ஆண்டுகள் முயன்று புலாத்தின் ரகசியத்தைத் தேடிக் கண்டார். 1841இல் ஆய்வை வெளியிட்டார். நீர் ஓடுவதுபோல் வரி காட்டும் அந்த எஃகு ஆசியாவில் பெயர்பெற்றதே தென்னிந்தியாவில் மூசையில் உருக்கிய எஃகால்தான். ஈரோடு மாவட்டம் கொடுமணலில் அந்தத் தொழிலின் தடயங்கள் அகழாய்வில் கிடைத்திருக்கின்றன. நம் ஊர் உருக்கின் ரகசியத்தை ஒரு ரஷ்யர் உரால் பனியில் உட்கார்ந்து தேடினார் என்பது எனக்குப் பிடித்த செய்தி. ஆனால் இந்த வாளில் அந்த வரி எதுவும் இல்லை. நல்ல சாதாரண எஃகு.

அதிகாரி ரைபிள் சுமப்பதில்லை. அவருக்குக் கொடுத்தது 1895 மாதிரி நாகான் ரிவால்வர். ஆகவே இந்த வாளை ரைபிளுக்குக் கீழே மாட்டுவது அடிப்படையிலேயே தவறு. இறக்கித் தனியாக வைத்தோம்.

மீதமிருந்த ரைபிள்

இனி அந்த 1891/30. சோவியத் ஒன்றியம் சிதறிய பிறகு கிடங்குகளிலிருந்து பெட்டி பெட்டியாக வந்து அமெரிக்காவில் நூறு டாலருக்கும் குறைவாக விற்ற வகை. நண்பர் வாங்கியதும் அப்படித்தான். அடர் பழுப்பு மசகில் முக்கி எடுத்தது. இரண்டாம் உலகப் போரில் லட்சக்கணக்கில் செய்தவற்றில் ஒன்று என்று நினைத்து அவர் குழலின் அடியைச் சரியாகத் துடைக்கக்கூட இல்லை. மண்ணெண்ணெய் தொட்ட துணியால் நான் மெல்லத் துடைத்தேன்.

ஆண்டு 1898. இஷெவ்ஸ்க் தொழிற்சாலை. ‘தொழிற்சாலை’ என்ற ரஷ்யச் சொல்லின் கடைசியில், ஒலியில்லாத அந்தக் கடினக்குறி எழுத்து. புரட்சிக்குப் பின் 1918இல் எழுத்துச் சீர்திருத்தம் வந்தபோது சொல்லிறுதியில் அதை நீக்கிவிட்டார்கள். குழலில் அரசக் கழுகு இருந்த இடம் அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. எழுத்தைத் தேய்க்க யாருக்கும் தோன்றவில்லை. சில வாள்களில் பழைய ஆண்டையும் புதிய எழுத்தையும் சேர்த்துப் போட்டுப் போலிகள் மாட்டிக்கொள்வது இந்த ஓர் எழுத்தால்தான். இந்தியாவில் நகல் ஷாஷ்கா செய்யும் பட்டறைகளின் சரக்கும் சில நேரம் இப்படிப் பிடிபடும்.

1930 மாதிரி என்பது புதிய ரைபிள் அல்ல. பழைய டிராகூன் ரைபிளை அடிப்படையாக வைத்து, குறிகாட்டியை மாற்றியது. குழல் நீளம் அதே 73 செ.மீ. அதனால் கிடங்கில் இருந்த பழைய டிராகூன் ரைபிள்களையும் எடுத்து, அர்ஷின் என்ற பழைய அளவில் இருந்த குறிகாட்டியைக் கழற்றி மீட்டர் அளவில் 1 முதல் 20 வரை எண்ணிட்டதைப் பொருத்தி, முன்முனைக் குறிக்கு வளையக் கூடு போட்டு, புதியவற்றோடு கலந்துவிட்டார்கள். கொசாக் மாதிரியாக இருந்தால் குழலில் ‘கஸ்’ என்று எழுத்து இருக்கும், இதில் இல்லை. இது 1898இல் ஒரு டிராகூனிடம் போன ரைபிள். போல்ட்டில் இருந்த எண் ஒருமுறை கோடிட்டு அடிக்கப்பட்டு, குழலின் எண் புதிதாகக் குத்தப்பட்டிருந்தது.

ஆக, டிராகூன் ஷாஷ்காவுக்கு ஜோடி அடுத்த ஆணியிலேயே இருந்திருக்கிறது.

இங்கேதான் எங்களுக்குள் தகராறு. நான் சொன்னது: ஒரு பொருளை அதன் கடைசி வாழ்க்கையை வைத்துத்தான் காட்ட வேண்டும். குறிகாட்டி, முன்முனை, போல்ட் எண் என்று கண்ணுக்குத் தெரிவது எல்லாம் செம்படையின் கைவேலை. குழல் மட்டும் ஜாருடையது. 1887 வாளோடு மாட்டினால், பார்ப்பவரிடம் ஒவ்வொன்றுக்கும் ‘இதைப் பார்க்காதீர்கள், அதைப் பாருங்கள்’ என்று மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். நட்சத்திர வாளோடு மாட்டுங்கள் என்றேன்.

நண்பர் உடனே விடவில்லை. நான் காலையில் சொன்னதையே எடுத்து என்மேல் வீசினார். “1891/30 ரைபிளையும் பயனெட் மாட்டித்தானே குறிபார்த்துச் சரிசெய்தார்கள்? அப்படியானால் குதிரைக்காரன் பயனெட்டை எங்கே வைப்பான்? நட்சத்திர வாளின் உறையில் தாங்கி இல்லையே. தாங்கி இருப்பது இந்த 1887 உறையில்தான். பழைய ஷாஷ்காக்களைச் செம்படையும் 1920களில் கட்டிக்கொண்டுதானே இருந்தது? நீங்கள் இரண்டு நாளாகப் பயனெட்டைப் பிடித்துக்கொண்டு நடக்கச் சொன்னீர்கள். நான் நடக்கிறேன்.”

அதற்கு என்னிடம் பதில் இல்லை. 1898லிருந்து 1930 வரை, குறிகாட்டி மாறும்வரை, இந்த ரைபிளைச் சுமந்த குதிரைவீரனின் இடுப்பில் இருந்திருக்கக்கூடியது தாங்கி உள்ள இப்படியொரு உறைதான். மாதிரி பொருந்துகிறது, காலமும் பொருந்துகிறது. இதே வாள் இதே ரைபிளோடு ஒரே ஆளிடம் இருந்தது என்று மட்டும் யாராலும் சொல்ல முடியாது. அதைச் சொல்லக்கூடிய முத்திரையில் பாதி பாலிஷ் துணியோடு போய்விட்டது.

அட்டையில் இப்படி எழுத ஒப்புக்கொண்டோம்: ‘டிராகூன் ஷாஷ்கா, 1881 மாதிரி, ஸ்லாத்தவுஸ்த் 1887. டிராகூன் ரைபிள், இஷெவ்ஸ்க் 1898, பின்னாளில் 1891/30 மாதிரிக்கு மாற்றப்பட்டது. மாதிரி அளவில் ஜோடி. ஒரே வீரனுடையவை என்பதற்கு ஆதாரம் இல்லை.’ கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று நண்பர் இரண்டு முறை கேட்டார். கூடாது என்றேன். மூன்றாவது முறை கேட்கவில்லை.

ஷாதெல்ரோ ரைபிளைத் தனியாக, செங்குத்தாக, அதன் சொந்தப் பயனெட்டை முனையில் மாட்டி வைத்தோம். வரவேற்பறைச் சுவரில் இடம் போதாமல் மாடிப்படி ஓரத்துக்குப் போயிற்று. கொசாக் பெர்டான் ஒரு பழைய ஷாஷ்காவுக்காகக் காத்திருக்கிறது. நட்சத்திர வாள் அலமாரியில்.

டிராகூன் உறையின் தாங்கிகள் இப்போது காலியாக இருக்கின்றன. காலாட்படைப் பயனெட் உரசிய இடத்தில் பித்தளை இரண்டு கோடாக வெளுத்திருக்கிறது. வளையப் பூட்டு வைத்த பழைய டிராகூன் பயனெட் ஒன்று எங்காவது கிடைக்குமா என்று நண்பர் தேடிக்கொண்டிருக்கிறார். கிடைத்தாலும் அதில் வேறு எண்தான் இருக்கும் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.